பிளக் பாயிண்ட் பக்கத்து மேசை

டாப்டோ ஊரில் கிளெனிஸ் டிரான்டரைப் பிடிக்கும் என்று சொல்கிற ஆளைத் தேடிக்கொண்டு போனால், பஸ் டிப்போவில் ஒன்றிரண்டு பேர் அகப்படலாம். அவர்களுக்கும் அவளைப் பிடிக்கக் காரணம், மேலதிகாரிகளோடு அவள் போடுகிற சண்டைதான். கிதார்க்காரர்களிடம் கேட்டால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். ஆனால் அவளிடம் ஒரு கிதாராவது வாங்காத கிதார்க்காரனும் அந்தப் பக்கத்தில் கிடையாது. அதுதான் அவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

வயது ஐம்பத்தாறு. குட்டையான உருவம், கட்டையான குரல். டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஸ்டாப்பில் நின்றுகொண்டு, பஸ் வருவதைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். அவன் பின்னால் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்ப்பது அவளுக்கு ஒரு டீ குடித்த மாதிரி.

கிதார் வாங்குவது, வாசிப்பது, விற்பது, மறுபடி வாங்குவது. இதைத் தொழில் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். “தொழில்னா லாபம் இருக்கும். இது வியாதி” என்பாள்.

வியாதி தொற்றின கதை இப்படி. அவள் புருஷன் வார்விக், கேரவன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணோடு குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். போகிறபோது படகை எடுத்துக்கொண்டான், கறி வாட்டுகிற அடுப்பை எடுத்துக்கொண்டான். ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்கு ஸ்டூலாக இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் விட்டுவிட்டான். கிளெனிஸ் அதைப் படம் எடுத்து, போனில் ஊர்க்காரர்கள் விற்கிற பக்கத்தில் போட்டாள். கியாமாவிலிருந்து ஒருவன் கிதாரும் கையுமாக வந்து சேர்ந்தான். ஒயரைச் சொருகினான், வால்வு சூடாகக் காத்திருந்தான், ஒரே ஒரு தடவை தந்திகளை இழுத்து விட்டான்.

ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. கிளெனிஸின் பல் கூசியது. வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டின மாதிரி இருந்தது.

அவன் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டான். “ரொம்பப் பழசும்மா. வால்வு எல்லாம் போற நிலைமை. நான் தூக்கிட்டுப் போனா உங்களுக்கு இடமாவது மிச்சம்” என்றான்.

முகம் கல்லாகத்தான் இருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லுகிறபோது வார்விக்குக்கும் முழங்கால் இப்படித்தான் ஆடும். கிளெனிஸ் அதைப் பார்த்தாள்.

“ஆம்ப் விக்கலை. அந்தக் கிதார் என்ன விலை?” என்றாள்.

வாங்க வந்தவன் விற்றுவிட்டுப் போனான். இதை ஊரில் முதலில் சொன்னவள் கிளெனிஸேதான். அதனால் பாதியை நம்பினால் போதும். ஆனால் அந்த ஆம்ப் இன்னும் அவளிடம் இருக்கிறது. அது ஒன்றைத்தான் அவள் விற்றதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கிதார்கள் வந்தன, போயின. ஷிஃப்ட் முடிந்து வந்து சீருடையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாசிப்பாள். கையில் இருக்கிற கிதார் பழகிப் போனதும் விற்றுவிட்டு, பழகாத ஒன்றை வாங்க வண்டியைக் கிளப்புவாள். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறக்கிறவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “வீட்டுக்காரருக்கா?”

“அவர் செத்துட்டாரு” என்பாள் கிளெனிஸ்.

விலை உடனே கொஞ்சம் இறங்கும். வார்விக் குவீன்ஸ்லாந்தில் சௌக்கியமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இங்கே அவனை மாரடைப்பில் கொன்றாள், ஏணியிலிருந்து தள்ளினாள். நல்ல விலையுள்ள ஒரு கிதாருக்காக முதலைக்கும் கொடுத்தாள்.

வாசிப்பு எப்படி என்றால், மோசமில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது சத்தம். வால்வு ஆம்பைப் பாதிக்கு மேல் திருகினால்தான் அதன் நிஜமான குரல் வரும். வீட்டில் கால்வாசி திருகினாலே பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தட்டுவார். முழுசாகத் திருகி, நாலு பேர் எதிரில் வாசிக்க அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

அது பெரியவர்கள் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுகிற பௌலிங் கிளப்பின் ஹால். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே கிதார்ச் சந்தை நடக்கும். ஸ்டீல் ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பிளாகோ டிராய்கோவ் அதை நடத்துகிறார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஹாலில் ஒயரிங் அரதப் பழசு. எந்த பிளக்கில் ஆம்பைச் சொருகினாலும் தேனீக்கூடு மாதிரி இரையும். கதவு மூலையில் இருக்கிற பிளக் பாயிண்ட் மட்டும் சுத்தம். ஒரு காலத்தில் அங்கே பெரிய பிரிட்ஜ் இருந்ததால் அதற்குத் தனி லைன். அந்தப் பிளக்குக்குப் பக்கத்து மேசையில் வாசித்துக் காட்டினால் ஓட்டைக் கிதாரும் தேன் மாதிரி கேட்கும். முதல் சந்தையன்று விடியற்காலையிலேயே வந்து அந்த மேசையில் உட்கார்ந்தவள் கிளெனிஸ். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவள் வாசிக்கிறபோது ஆட்கள் ஆம்பின் திருகுகளைப் பரிசோதிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். அது நடிப்பு என்று அவளுக்கும் தெரியும்.

அந்த மேசை மேல் ரெக்ஸ் பால்டாக்குக்கு வெகுநாளாகக் கண். ரெக்ஸ் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஊரிலேயே நன்றாக வாசிக்கிறவன் அவன்தான் என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். கிளெனிஸைப் பார்க்கிறபோதெல்லாம் “டிரைவரம்மா, அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கலாமா?” என்பான். கிளெனிஸ், “உனக்கு டிக்கெட் இருந்தா ஏறு முதல்ல” என்பாள். இருவரும் சிரிக்க மாட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் ரெக்ஸ் அவளிடம் ஒரு சிவப்புக் கிதார் வாங்கினான். உடம்போடு கழுத்தை ஒட்டிச் செய்த பழைய வகை. இந்த வகைக்குத் தலையும் கழுத்தும் சேருகிற இடம்தான் பலவீனம். கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். முறிந்ததை ஒட்டினால் வாசிக்கலாம், ஆனால் விலை பாதி. ஒட்டினதைச் சொல்லாமல் விற்கிறவனுக்கு பிளாகோவின் சந்தையில் ஆயுளுக்கும் மேசை கிடையாது. அந்தச் சட்டத்துக்கு மட்டும் மன்னிப்பே இல்லை.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் சந்தைக்காரர்களின் போன் குழுவில் ரெக்ஸ் ஒரு படம் போட்டான். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்து எடுத்த படம். சிவப்புக் கிதாரின் கழுத்து முழுக்க வெளிறி மின்ன, தலைக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. புது வார்னிஷ் அப்படித்தான் தெரியும். கீழே எழுதியிருந்தான்: கிளெனிஸ் விற்றது, கழுத்து ஒட்டுப்போட்டது, மற்றவர்கள் ஜாக்கிரதை.

குழுவில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இல்லை. அவளிடம் வாங்கினவர்கள் எல்லாரும் டார்ச்சைத் தேடி எடுத்தார்கள். பிளாகோ அவளுக்குப் போன் பண்ணினார்.

“ஞாயித்துக்கிழமை சந்தையில எல்லார் முன்னாடியும் பேசி முடிச்சிடலாம். ஒளிச்சு வித்திருந்தா உன் மேசை போச்சு. பழகினவளாச்சேன்னு பார்க்க மாட்டேன்.”

“நான் வாங்குறப்பவே டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பிளாகோ. ஒரு கீறல் இல்ல.”

“பார்த்தது நீதானே. நீயே சாட்சியா?”

கிளெனிஸ் போனை வைத்தாள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஏறினவர்கள் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். கிதார் வாங்க வந்தவர்களைவிட கிளெனிஸ் விரட்டப்படுவதைப் பார்க்க வந்தவர்கள் ஜாஸ்தி. வாசலில் வெங்காயத்தோடு சாசேஜ் வாட்டி ரொட்டியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளெனிஸ் தன் ஆம்பை உருட்டிக்கொண்டு வந்து, அந்தப் பிளக்கில் சொருகி, அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் வரவில்லை.

ரெக்ஸ் சிவப்புக் கிதாரைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான்.

“டிரைவரம்மா, கடைசி ஸ்டாப் வந்தாச்சு போல.”

“கத்தாதே ரெக்ஸ். உன் பாட்டே இதைவிடத் தேவலாம்.”

பிளாகோ மேசை மேல் துண்டு விரித்து, கிதாரைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

“ஒட்டுதான். கிட்டத்துல போட்ட ஒட்டு” என்றார்.

“அவ போட்டது” என்றான் ரெக்ஸ்.

“நீ போட்டது” என்றாள் கிளெனிஸ்.

“நான் ஏன்மா என் கிதாரை நானே முறிச்சுக்கணும்? எனக்குப் பைத்தியமா?”

“அதை நான் சொல்லணுமா, ஹாலே சொல்லுமே.”

பிளாகோ கையை உயர்த்தினார். “யார் முறிச்சதுன்னு கிதார் பேசாது. வழக்கப்படி செய்வோம். பேரம் முறியட்டும். கிளெனிஸ், நீ பணத்தைத் திருப்பிக் குடு. ரெக்ஸ், நீ கிதாரைக் குடு. மேசை விஷயத்தை அப்புறம் பேசுவோம்.”

ரெக்ஸின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கிளெனிஸுக்குப் புரிந்தது. கை நீட்டி வாங்கிக்கொண்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. மாட்டேன் என்றால் திருட்டு முழி முழிக்கிற மாதிரி. எப்படிப் போனாலும் மேசை ரெக்ஸுக்கு.

“சரி. ஆனா யாரா இருந்தாலும் வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கறது. அந்த வழக்கமும் உண்டுல்ல?” என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை. விரட்டுகிறதுக்கு முன்னால் அந்த மேசையில் ஒரு தடவை முழுச் சத்தத்தில் வாசித்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

“வாசிச்சுட்டுப் போகட்டும் பாவம்” என்றான் ரெக்ஸ், பெரிய மனசு பண்ணுகிற குரலில்.

அவள் சொருகினாள். திருகினாள். தந்தியை இழுத்து விட்டாள். இரண்டு மூன்று தடவை இழுத்தவள், சட்டென்று உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். ஆம்பின் திருகுகளைக் குனிந்து பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. சிவப்புக் கிதாரைக் கழற்றிவிட்டு, தன்னுடைய வேறொரு கிதாரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினாள். ஆம்ப் ஒழுங்காகத்தான் பேசியது. மறுபடியும் சிவப்பு. மெலிந்து போன குரல். சளி பிடித்தவன் போனில் பேசுகிற மாதிரி.

இந்தக் கிதாரை அவள் ஒரு கோடைகாலம் முழுக்கச் சீருடையோடு மடியில் வைத்திருந்தவள். இதன் குரல் பக்கத்து அறையில் கேட்டாலும் தெரியும்.

“திருப்புளி இருக்கா யார்கிட்டயாவது?”

கிதார்க்காரர்களிடம் கேட்கிற கேள்வியா அது. பையிலிருந்தும் சாவிக்கொத்திலிருந்தும் கைகள் நீண்டன.

“எதுக்கு இப்போ திறக்கணும்? தகராறு கழுத்துலதானே” என்றான் ரெக்ஸ். சொல்லிக்கொண்டே கிதாரின் மேல் கையை வைத்தான்.

“ரெக்ஸ், கையை எடு” என்றார் பிளாகோ.

கிளெனிஸ் பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர்கள் முனையில் பற்றவைத்த ஈயம் புது நாணயம் மாதிரி பளபளத்தது. பழைய கிதாரில் அது சாம்பல் நிறமாக மங்கிக் கிடக்க வேண்டும். அதைப் பார்த்ததும் கூட்டத்தில் நாலைந்து பேர் தொண்டையைச் செருமினார்கள். அவர்களும் அதே வேலையைச் செய்தவர்கள்தான். இந்த ஜனங்களுக்கு வாங்கின கிதாரை வாங்கினபடி வைத்திருக்கத் தெரியாது. தந்திக்குக் கீழே இருந்து சத்தத்தை எடுத்துக் கொடுக்கிற பிக்கப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

“என் பிக்கப் எங்க ரெக்ஸ்?”

“அது கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. நல்லதா மாத்தி வச்சேன். உனக்குத்தான் லாபம்.”

“எங்கன்னு கேட்டேன்.”

சாசேஜ் ரொட்டியை மென்றுகொண்டிருந்த ஒருவன் ரெக்ஸிடம் சொன்னான்: “அதானே பார்த்தேன். உன் கறுப்புக் கிதார் இப்பதான் வாயைத் திறந்திருக்குன்னு பப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சியே. கடன் வாங்கின வாயா அது?”

சிரிப்பு எழுந்தது. ரெக்ஸின் காது சிவந்தது.

“பிக்கப் மாத்துறது குத்தமா? இங்க மாத்தாதவன் யாரு, கையைத் தூக்கு பார்ப்போம். கழுத்தைப் பத்திப் பேசுங்கப்பா. கழுத்துதான் கேஸ்.”

“அதைத்தான் பேசுறேன்” என்றாள் கிளெனிஸ். “ஒயரைப் பத்தவைக்க இதைக் கவுத்துப் போடணுமே. எங்க போட்டே?”

“சமையல் மேடையில.”

“தலை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சா?”

“நீட்டாம பின்ன? மேடை அவ்ளோதான் அகலம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம். நாய் வந்துச்சு.”

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய் ஒன்றை ரெக்ஸ் வளர்க்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். நின்றால் இடுப்பு உயரம், வால் ஒரு சாட்டை.

ரெக்ஸுக்குத் தான் சொன்னது உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. “லேசா வால்தான் பட்டுச்சு. சரிஞ்சுது, அவ்ளோதான். நல்ல கழுத்தா இருந்தா அதைத் தாங்கியிருக்கும்ல? தாங்காத கழுத்தை வித்தது யாரு?”

பிளாகோ அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேனில் உட்கார்ந்து கீழே இருக்கிற இரும்பைப் பார்க்கிற பார்வை.

“கிளெனிஸ், மேசை உனக்கு. ரெக்ஸ், கிதார் உனக்கு. குழுவில போட்ட படத்தை எடு. முடிஞ்சுது.”

“முடியல” என்றாள் கிளெனிஸ். “இவன் மேசையைப் பிடுங்குங்க.”

“அவன் ஒளிச்சு விக்கலையே. பொய்தானே சொன்னான். பொய் சொன்னவன் மேசையெல்லாம் பிடுங்கினா ஹால்ல நானும் சாசேஜும்தான் மிச்சம்.”

“அப்போ மன்னிப்பாவது கேக்கட்டும்.”

“கேட்டாச்சு” என்றான் ரெக்ஸ்.

“எப்போ?”

“மனசுக்குள்ள.”

கூட்டம் கலைந்தது. ஆனால் பாதிப் பேர்தான் கலைந்தார்கள். மிச்சப் பேருக்கு இதோடு முடியாது என்று தெரியும். ரெக்ஸ் தன் மேசையை இழுத்துக்கொண்டு வந்து கிளெனிஸுக்கு நேர் எதிரே போட்டான். கிளப் சமையலறையிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து ஆம்பைச் சொருகினான். ஸ்பீக்கரை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான். கறுப்புக் கிதாரை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

அந்தக் கறுப்புக் கிதாருக்குள் இருந்து வந்தது அவளுடைய சிவப்பின் குரல். கிளெனிஸ் தன்னுடைய வேறொரு கிதாரை எடுத்துச் சொருகினாள். தன் ஆம்பின் திருகை ஒரே திருப்பில் கடைசிவரைக்கும் கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வாசிப்பு என்று சொல்ல முடியாது. அவன் ஒன்று போட்டால் இவள் அதன் தலையில் இன்னொன்று போட்டாள். தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. குலுக்கல் சீட்டுக்குப் பரிசாக வைத்திருந்த இறைச்சித் தட்டில் மேலே இருந்த கறித்துண்டு மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. வெளியே புல்வெளியில் வெள்ளை உடுப்போடு பந்து உருட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பிளாகோ இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். அவர் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

கடைசியில் கிளப் செயலாளர் தெல்மா புரூயிட் அம்மாள் புல்வெளியிலிருந்து உள்ளே வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போய், ஹாலுக்கே ஒன்றான மெயின் ஃபியூஸைப் பிடுங்கி, தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடியும் பந்து உருட்டப் போய்விட்டாள்.

இரண்டு ஆம்பும் ஒரே நேரத்தில் செத்தன. ஹாலில் தந்தியின் டிக் டிக் மட்டும் கேட்டது, யாரோ நகம் வெட்டுகிற மாதிரி. கிளெனிஸ் நிறுத்தவில்லை. ரெக்ஸும் நிறுத்தவில்லை. யார் முதலில் கையை எடுத்தாலும் அது தோற்ற கணக்கு. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, வேர்த்து ஊற்ற, சத்தமில்லாத கிதாரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நௌராவிலிருந்து கிதார் வாங்க வந்திருந்த ஒருவன், இதெல்லாம் சந்தையின் வழக்கம் என்று நினைத்து, கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு கிளெனிஸின் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“நீங்க கையில வச்சிருக்கிறது என்ன விலைங்க?”

“வாசிச்சு முடிச்சதும் சொல்றேன்.”

“எப்போ முடிப்பீங்க?”

கிளெனிஸ் ரெக்ஸ் மேலிருந்து கண்ணை எடுக்காமல் மோவாயை மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டினாள்.

“அதை அங்க கேளு.”